நண்பருக்கு வண்டி சாவி கொடுக்கிறீர்களா? விபத்து நடந்தால் உங்கள் தலையில்தான் விடியும்!

பெண்ணாடம்,

"மச்சி, வண்டியை குடு, விருத்தாசலம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்." பெண்ணாடம் டீக்கடைகளில் தினமும் கேட்கும் பேச்சு இது. சாவியை தூக்கி கொடுப்பதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

நம் நாட்டில் இன்சூரன்ஸ் என்பது வண்டிக்குத்தான். ஓட்டும் நண்பர் தனியாக இன்சூரன்ஸ் எடுக்க தேவை இல்லை. ஆனால் 2 விஷயம் முக்கியம். வண்டிக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். நண்பரிடம் அந்த வகை வண்டிக்கு உரிய லைசென்ஸ் இருக்க வேண்டும்.

லைசென்ஸ் இல்லை என்றால்...

மோட்டார் வாகன சட்டம் 180-வது பிரிவின்படி வண்டி கொடுத்த உரிமையாளருக்கு 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். ஓட்டியவர் மீது தனி வழக்கு.

யார் மீதாவது மோதி விட்டால் இன்னும் சிக்கல். இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்கும். லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தோ, விசாரிக்காமலோ வண்டி கொடுத்தது நிரூபணம் ஆனால், அந்த பணத்தை உரிமையாளரிடம் வசூலித்து கொள்ளலாம். சுப்ரீம் கோர்ட்டு 2004-ம் ஆண்டு கூறிய தீர்ப்பு இது.

இன்சூரன்சே இல்லை என்றால்...

கம்பெனி பக்கமே போக முடியாது. லட்சக்கணக்கில் நஷ்டஈடு வந்தாலும் உரிமையாளரும், ஓட்டியவரும்தான் கட்ட வேண்டும். இருக்கிற நிலத்தை விற்கும் நிலை வரலாம். போலீசில் சிக்கினாலே முதல் முறை ரூ.2 ஆயிரம், மறுமுறை ரூ.4 ஆயிரம் அபராதம். 3 மாதம் வரை ஜெயிலுக்கும் இடம் உண்டு.

நண்பருக்கும் ஆபத்து

இரவல் வண்டியில் தானாக விழுந்து நண்பர் இறந்தால், அவர் உரிமையாளர் ஸ்தானத்தில் இருப்பவர், மூன்றாம் நபர் அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு 2009-ல் சொல்லி விட்டது. குடும்பத்துக்கு மூன்றாம் நபர் நஷ்டஈடு கிடைக்காது.

18 வயது ஆகாத பையனா?

கொடுக்கவே கூடாது. 2019 திருத்தத்தின்படி பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.25 ஆயிரம் அபராதம். வண்டியின் பதிவும் 12 மாதம் ரத்து.

வண்டியை விற்றவர்களே உஷார்!

ஆர்.சி. புக்கில் பெயர் மாற்றாமல் விற்றிருந்தால், சட்டப்படி நீங்கள்தான் இன்னும் உரிமையாளர். 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதி செய்தது.

எனவே சாவி கொடுக்கும் முன் நண்பரின் லைசென்சை வாங்கி பாருங்கள். இன்சூரன்ஸ் எந்த தேதியில் முடிகிறது என்றும் பாருங்கள். கோபித்து கொண்டாலும் பரவாயில்லை. கோர்ட்டு வாசலில் நிற்பதற்கு அது மேல்!