செக்ரோலும் அதன் படியும்: வட சிலாங்கூர்த் தோட்ட ஆவணங்கள் குறித்த ஒரு பார்வை

ஒரு நிறுவனம் தன் பயனாளர்களின் கோப்புகளை மேகக் கணிமையில் படியெடுத்து வைப்பதும், அப்படிகள் முழுமையாக உள்ளனவா எனத் தணிக்கை செய்து அறிக்கை அளிப்பதும் இன்று கணினித் துறையினரின் அன்றாடப் பணியாகிவிட்டன. இதனைப் புதிய தொழில்நுட்பத்தின் சிக்கல் என்று கருதுவோர் உளர். நம் நோக்கில் இது பழைய சிக்கலேயாகும். கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் எது படியெடுக்கப்பட்டது, அதனை யார் சரிபார்த்தனர், யாருக்கு அறிவித்தனர் என்பதைப் பொறுத்தே பின்னாளில் பல குடும்பங்களின் நிலை அமைந்தது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டத்தின் மூல ஆவணம் செக்ரோல் ஆகும். விடியலில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, வந்தவர் வராதவரைக் கிராணி அதில் குறித்துக்கொள்வார். மாத முடிவில் சம்பளம் அதைக் கொண்டே கணக்கிடப்பட்டது. ஒரு தொழிலாளி எந்தத் தோட்டத்தில், எந்த மாதத்தில், எத்தனை நாள் வேலை செய்தார் என்பதைப் பெயருடன் சொல்லும் ஏடு அநேகமாக இது ஒன்றே. இந்த ஏடு தோட்ட அலுவலக அலமாரியை விட்டு வெளியே சென்றதில்லை. வெளியே சென்றவை அதிலிருந்து கூட்டியெடுத்த தொகைகள் மட்டுமே.

அத்தொகைகள் கண்டிப்பாகவே சரிபார்க்கப்பட்டன. 1907இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்கு ஒவ்வொரு முதலாளியும் தம் தொழிலாளர் வேலை செய்த நாள்களின் அளவுக்கேற்ப வரி செலுத்த வேண்டியிருந்தது. வரி உண்டென்றால் தணிக்கையும் உண்டல்லவா? தொழிலாளர் துறை அதிகாரிகள் தோட்டங்களுக்கு நேரில் சென்று பார்வையிட்டனர். முகவர் நிறுவனங்களின் சார்பில் வந்த ‘விசிட்டிங் ஏஜெண்டு’கள் விளைச்சலையும் செலவையும் ஆராய்ந்து இலண்டன் இயக்குநர்களுக்கு எழுதினர். 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்திற்குப் பின் கோலாலம்பூரில் அமர்த்தப்பட்ட இந்திய அரசின் ஏஜெண்டும் ஆண்டறிக்கை வெளியிட்டார். இவ்வாறு எண்ணிக்கைகள் கோலாலம்பூர், டில்லி, இலண்டன் என மூன்று நகரங்களில் சேர்ந்தன. ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்தில் கிடைக்கும். இன்று சிலாங்கூர்த் தோட்ட வரலாற்றை எழுதுவோர் கூலி விகிதத்தையும் இறப்பு விகிதத்தையும் எளிதில் எடுத்தாள முடிவது இதனாலேயே. பெயர்களுக்கு இத்தகைய பாதுகாப்பு இல்லை. அவற்றைக் கேட்டு வாங்குவதில் எவருக்கும் பண ஆதாயம் இருக்கவில்லை என்பதே காரணம் எனக் கருதுகிறோம்.

இக்குறையின் விளைவு ஜப்பானியர் காலத்தில் வெளிப்பட்டது. சயாம்–பர்மா இரயில் பாதைப் பணிக்காக மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்தும் சென்றனர். அதே பாதையில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகளிடையே அதிகாரிகள் இறந்தோரின் பட்டியலை இரகசியமாக எழுதி, படிகளைப் புட்டிகளிலும் தகரங்களிலும் அடைத்து இடுகாடுகளில் புதைத்து வைத்தனர். 1945இல் போர் முடிந்ததும் ஒரு குழு பாதை நெடுகிலும் சென்று, ஏடுகளைத் தோண்டியெடுத்து, கல்லறையோடு ஒப்பிட்டுப் பார்த்தது. இவ்வாறு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் அடையாளம் காணப்பட்டன. படியெடுத்தல், மறைத்துக் காத்தல், மீட்டல், மூலத்தோடு ஒப்பிடல், அறிக்கை தருதல் ஆகிய அனைத்தும் அங்கே நிகழ்ந்திருப்பதைக் காண்கிறோம். நம்மவருக்கோ முழுமையான பெயர்ப்பட்டியல் எதுவும் இல்லை. கஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்வரிசைகளைப் பார்க்கும் தமிழர் தம் பாட்டன் பெயரைத் தேட ஓரிடம் இல்லாமல் திரும்புகின்றனர்.

போருக்குப் பின் இச்சிக்கல் உயிரோடிருந்தவர்களைத் தொட்டது. 1948ஆம் ஆண்டு குடியுரிமை விதிகள், 1957இல் மெர்டேக்கா, 1962ஆம் ஆண்டுத் திருத்தம் என ஒவ்வொரு கட்டத்திலும் பிறந்த இடத்தையும் பெற்றோரின் நிலையையும் தாளால் மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் குடியுரிமை இல்லாதோர் வேலை உரிமம் பெற வேண்டிய நிலை வந்தபோது, தலைமுறையாகப் பால்வெட்டியவர்களும் அந்நியராயினர். தாள் இருந்தாலும் பெயர் ஒத்துப்போவதில்லை. முனியம்மா என்னும் ஒரே பெயர் செக்ரோலில் ஒருவகையாகவும், பிறப்புப் பத்திரத்தில் வேறுவகையாகவும், அடையாள அட்டையில் மூன்றாம் வகையாகவும் ரோமன் எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் எவருமிலர்.

விதிவிலக்காக ஓர் ஏற்பாட்டைச் சொல்லவேண்டும். 1951இல் தோன்றிய ஊழியர் சேமநிதி, ஒவ்வொரு தொழிலாளியின் பெயரையும் மாதந்தோறும் தோட்டத்திற்கு வெளியே கொண்டுசென்றது. உறுப்பினருக்கே கணக்கறிக்கையும் அனுப்பியது. தரவுக்கு உரியவரே சரிபார்க்கும் வாய்ப்பு அவருக்கு முதன்முறையாகக் கிட்டியது எனலாம். அறிக்கையின் மொழி தெரியாதவர் கிராணியிடமோ தொழிற்சங்கத்தாரிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்ல நேர்ந்தது வேறு கதை.

1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலிலும், பின்னர் நிலங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோதும், தோட்ட அலுவலகங்களோடு செக்ரோல்களும் மறைந்தன. எஞ்சியவற்றை இன்று பள்ளிகளும் ஆலயங்களும் ஆர்வலர்களும் வருடி மேகக் கணிமையில் ஏற்றுகின்றனர். வரவேற்கத்தக்க முயற்சிதான். ஆயினும் ‘படியெடுப்பு வெற்றி’ என்று கணினி தரும் வரியை அறிக்கையாகக் கொள்ள நாம் தயங்குகிறோம். கோப்பு போய்ச் சேர்ந்தது என்பதற்குமேல் அது எதையும் சொல்வதில்லை. யாருடைய ஏடு, எத்தனை பக்கம், கடைசியாக எந்நாளில் மீட்டெடுத்துத் திறந்து மூலத்தோடு ஒப்பிடப்பட்டது, ஒப்பிட்டவர் யார் என்பவை அறிக்கையில் இடம்பெற வேண்டும். இடப்பெயரும் கவனத்துக்குரியது. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. புதிய பெயரில் மட்டும் அடைவு அமைத்த தொகுப்பில், பழைய பெயர் பொறித்த பிறப்புப் பத்திரத்தோடு வரும் ஒருவர் தேடினால், ஏடு பத்திரமாக இருந்தும் அவர் கண்ணில் படாது.