மலிவு விலைக் கைபேசி இயங்குதளங்கள்
இந்தியச் சந்தையில் ஆண்ட்ராய்டுக்குப் போட்டியாக வந்தவற்றுள் துணிச்சலானது மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் ஓஎஸ். 2014 ஆகஸ்டில் அத்தளத்தில் இயங்கும் இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் கைபேசி 1,999 ரூபாய்க்கு வந்தது. 128 எம்பி ரேம், இந்தியோடு தமிழும் உண்டு. வாட்ஸ்அப் மட்டும் இல்லை. அதன் தோல்விக்கு அதுவே போதும். மறுமாதமே கூகுள் ஆண்ட்ராய்டு ஒன் கைபேசிகளை 6,399 ரூபாயில் இறக்கியது. 2015 ஜனவரியில் சாம்சங்கின் டைசன் தளத்துடன் இசட்1 கைபேசி வந்தது.

ஃபயர்பாக்ஸின் வாரிசான கைஓஎஸ், 2017இல் 1,500 ரூபாய் முன்பணத்தில் ஜியோபோனாக மறுபிறவி எடுத்தது. வாட்ஸ்அப் 2018 செப்டம்பரில் சேர்ந்தது. குறைந்த ரேமுக்கென ஒல்லியாக்கப்பட்ட ஆண்ட்ராய்டு கோ இன்னொரு வழி. பெரம்பலூர் வெங்காய விவசாயிக்கும் அரியலூர் சிமென்ட் ஆலைத் தொழிலாளிக்கும் தளத்தின் பெயரைவிட, அதில் ஓடும் செயலிகளே முக்கியம்.