தொலைந்த மோதிரமும் தொலைபேசிச் சுருளும்

கடற்கரையில் விளையாடிக் கொண்டிருக்கும்போது விரலிலிருந்து மோதிரம் நழுவி மணலில் விழுந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த இடம் ஏறக்குறையத் தெரியும். மோதிரம் மட்டும் கண்ணில் படவில்லை. என்ன செய்வீர்கள்? முதலில் விரல்களால் துழாவுவீர்கள். பிறகு யாராவது சல்லடை கொண்டு வருவார்கள். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக் கரண்டி உண்டு. மணலில் விழுந்த மோதிரத்துக்கு அதுவும் உதவாது. கிளறக் கிளற மணல் சரிந்து மோதிரம் இன்னும் கீழே போய்விடும்.

இப்போது வேறொரு வழி இருக்கிறது. நுனியில் வட்டத் தட்டு பொருத்திய ஒரு கோலை ஒருவர் தரைக்குச் சற்று மேலே இடமும் வலமுமாக வீசிக்கொண்டு நடக்கிறார். காதில் 'கீச்' என்று ஓர் ஒலி. நிற்கிறார், ஒரு கை மணலை அள்ளுகிறார், மோதிரம் கிடைத்துவிடுகிறது. இந்தக் கருவியைத்தான் மெட்டல் டிடெக்டர் என்கிறோம். தமிழில் உலோகங்காட்டி எனலாம்.

இக்கருவி விளையாட்டுக்காகவோ புதையலுக்காகவோ பிறந்ததன்று. அதன் வரலாற்றில் ஒரு நாட்டுத் தலைவரின் உயிர், ஒரு பெரும்போர், ஒரு சாதாரணச் சுத்தியல் ஆகிய மூன்றும் வருகின்றன. அவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

மண்ணுக்குள் பேசும் காந்தம்

முதலில் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்பது இதன் சாரம்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வலிமையான சிறு காந்தம் ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்த செப்புக் குழாய்க்குள் விடுங்கள். செம்பைக் காந்தம் கவராது. இருந்தும் காந்தம் 'டக்'கென்று விழாமல், யாரோ பிடித்து இறக்குவதுபோல மெல்ல இறங்கும். காந்தம் நகரும்போது குழாயின் உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. அவை தமக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, விழுகின்ற காந்தத்தை எதிர்க்கின்றன.

உலோகங்காட்டியின் தட்டுக்குள்ளும் இதுவே நடக்கிறது. அதிலுள்ள ஒரு கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் பாய்கிறது. அதன் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே மோதிரம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் தோன்றும். அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலம் மேலே திரும்பி வரும். இரண்டாவது சுருள் ஒன்று அதை உணர்ந்து ஒலியாக மாற்றித் தருகிறது. கருவி தங்கத்தை 'மோப்பம்' பிடிப்பதில்லை. மின்சாரத்தைக் கடத்தும் பொருள் ஒன்று கீழே இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

கடிகார ஒலியும் காசும்

ஃபாரடேயின் கண்டுபிடிப்பைக் கொண்டு இப்படியொரு கருவியைச் செய்து காட்டியவர் டேவிட் எட்வர்டு ஹியூஸ். அச்சிடும் தந்திக் கருவியால் புகழ்பெற்றவர் இவர். 1879-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் கழகத்தின் முன் 'தூண்டல் தராசு' என்ற அமைப்பை இவர் விளக்கினார். ஒன்றுபோலவே அமைந்த இரண்டு ஜோடிச் சுருள்கள். அவற்றுடன் ஒரு தொலைபேசிக் கேட்பான். இரு பக்கமும் சமமாக இருந்தால் ஒன்றையொன்று தீர்த்துவிடும்; காதில் ஒலி இராது. ஒரு பக்கத்தில் ஒரு காசை வைத்தால் போதும், சமநிலை குலைந்து கேட்பானில் ஒலி எழும். இரு பக்கமும் ஒரே வகைக் காசை வைத்தால் மீண்டும் அமைதி. ஒரு காசு கள்ளக்காசாக இருந்தால் கருவி உடனே காட்டிக் கொடுத்துவிடும்!

ஹியூஸுக்கு இது உலோகங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுக்கூடக் கருவி. இரண்டே ஆண்டுகளில் அதற்கு வேறொரு வேலை வந்தது.

வலப்பக்கமா, இடப்பக்கமா?

1881-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள். வாஷிங்டன் நகர ரயில் நிலையத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு முதுகில் சுடப்பட்டார். அவர் உடனே இறந்துவிடவில்லை. குண்டு உடலுக்குள் தங்கிவிட்டது. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எக்ஸ் கதிர்களை ரான்ட்கன் கண்டறிய இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. மருத்துவர்கள் கழுவாத விரல்களாலும் கருவிகளாலும் காயத்தைத் துழாவினார்கள். நுண்ணுயிர்க் கொல்லி முறையை ஜோசப் லிஸ்டர் 1867-லேயே வெளியிட்டிருந்தும் அமெரிக்க மருத்துவர்கள் பலர் அதை அப்போது ஏற்கவில்லை.

இந்த நேரத்தில் உதவ முன்வந்தவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். தொலைபேசியைக் கண்டுபிடித்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு வயது 34. ஹியூஸின் தூண்டல் தராசைத் திருத்தியமைத்தால் உடலுக்குள் இருக்கும் ஈயக்குண்டைக் கண்டுபிடிக்கலாம் என்று அவர் கருதினார். உதவியாளர் சம்னர் டெய்ன்டருடன் இரவு பகலாக உழைத்தார். முந்தைய உள்நாட்டுப் போரில் பாய்ந்த குண்டுகளை உடலில் சுமந்து கொண்டிருந்த பழைய போர்வீரர்கள் சோதனைக்கு உட்பட்டனர். கருவி வேலை செய்தது.

ஜூலை 26-ஆம் நாள் பெல் கருவியுடன் வெள்ளை மாளிகைக்குச் சென்றார். கேட்பானில் ஓயாத இரைச்சல்! மின்தேக்கி ஒன்றைத் தவறாக இணைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. ஆகஸ்டு 1-ஆம் நாள் மீண்டும் சென்றார். இம்முறை மெல்லிய ஒலி கேட்டது. ஆனால் ஓரிடத்தில் மட்டுமல்ல, அகன்ற பரப்பு முழுவதும் கேட்டது. ஒரு சிறு குண்டு இப்படி ஒலிக்குமா? மறுநாள் விசாரித்தபோது விடை கிடைத்தது. நோயாளியின் மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பியால் ஆன இன்னொரு மெத்தை இருந்தது!

இதைவிடப் பெரிய இடையூறு வேறொன்று. தலைமை மருத்துவர் வில்லார்டு பிளிஸ், குண்டு உடலின் வலப்பக்கத்தில் இருப்பதாக நம்பினார். பெல் அந்தப் பக்கத்தையே தேடும்படி ஆயிற்று. செப்டம்பர் 19-ஆம் நாள், சுடப்பட்ட 79-ஆவது நாளில், கார்ஃபீல்டு இறந்தார். பிணப் பரிசோதனையில் குண்டு முதுகெலும்புக்கு இடப்பக்கம், கணையத்துக்குப் பின்னால் ஆழமாகக் கிடந்தது. அதைச் சுற்றி உடல் தானாகவே ஓர் உறை கட்டியிருந்தது. அவரைக் கொன்றது குண்டைவிட, காயத்தில் பரவிய சீழ்நோய்தான் என்பது இன்றைய மருத்துவ வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு.

கருவியைக் குறை சொல்ல முடியுமா, வாசகரே? அது உலோகம் இருக்கிறது என்றது. எஃகுக் கம்பி இருக்கத்தான் செய்தது. எங்கே தேடுவது என்பதைத் தீர்மானித்தவர்கள் மனிதர்கள்.

பாறைகளும் கண்ணிவெடிகளும்

அடுத்த கட்டம் 1930-களில் வந்தது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பொறியாளர் கெர்ஹார்டு ஃபிஷர், விமானங்களுக்கு வானொலி அலைகளால் திசை காட்டும் கருவியில் ஈடுபட்டிருந்தார். உலோகக் கனிமம் நிறைந்த சில இடங்களில் திசை பிழையாகக் காட்டியது. மற்றவர்கள் பிழையை நீக்கும் வழியைத் தேடியிருப்பார்கள். ஃபிஷரோ அப்பிழையையே கருவியாக்கினார். அலையை அனுப்பும் பெட்டி ஒன்று, வாங்கும் பெட்டி ஒன்று. இரண்டையும் ஒரு சட்டத்தில் பொருத்தி நிலத்தின்மேல் எடுத்துச் சென்றால், புதைந்த குழாயும் கனிமப் படிவும் தெரிந்தன. 1937-இல் அவர் காப்புரிமை பெற்றார்.

பிறகு இரண்டாம் உலகப்போர். போலந்து நாட்டு லெப்டினன்ட் யூசெஃப் கொசாட்ஸ்கி, நாடு பிடிபட்டதும் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தவர். 1941–42 குளிர்காலத்தில் ஸ்காட்லாந்தில் இருந்தபடி, ஒரே ஆள் எடுத்துச் செல்லக்கூடிய கண்ணிவெடி காட்டியை உருவாக்கினார். எடை 14 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு சுருள்கள், ஒரு வால்வுப் பெருக்கி, காதில் கேட்பான். உற்றுப் பார்த்தால் ஹியூஸின் பழைய தராசுதான் இது! 1942 அக்டோபரில் எகிப்தின் எல் அலமைன் பாலைவனத்தில் இத்தகைய 500 கருவிகள் பயன்பட்டன. கண்ணிவெடி நிலத்தில் மணிக்கு 100 மீட்டர் அளவில் முன்னேறிய படை, 200 மீட்டர் அளவில் முன்னேற முடிந்தது. கொசாட்ஸ்கி காப்புரிமை கோரவில்லை. கருவியைப் பிரிட்டிஷ் இராணுவத்துக்கு இலவசமாகவே தந்தார். குடும்பத்தினர் பகைவர் பிடியிலிருந்த போலந்தில் இருந்ததால், போர் முடியும்வரை அவர் பெயர் வெளியே சொல்லப்படவில்லை.

போர் முடிந்ததும் இராணுவத்தில் மிச்சமான கருவிகள் சந்தைக்கு வந்தன. டிரான்சிஸ்டர் வந்ததும் எடை குறைந்தது. பொதுமக்கள் கைக்கும் உலோகங்காட்டி வந்து சேர்ந்தது.

மோதிரம் கிடைக்கும், சங்கிலி கிடைக்காது

இனி நம் மோதிரத்துக்கு வருவோம். மோதிரம் தேடுபவருக்கு இயற்கை ஒரு சலுகை தந்திருக்கிறது. மோதிரம் ஒரு மூடிய வளையம். மின்னோட்டம் தடையின்றிச் சுற்றி வர ஏற்ற வடிவம். ஆகையால் ஒலி நன்றாகக் கேட்கும். அதே மோதிரத்தை ஓரிடத்தில் வெட்டிவிட்டால் ஒலி மங்கிவிடும். மெல்லிய தங்கச் சங்கிலி இன்னும் மோசம். எடை மோதிரத்தைவிட அதிகமாக இருக்கலாம். ஆனாலும் கருவிக்கு அது ஒரே பொருளன்று, ஒன்றோடொன்று சரியாக ஒட்டாத நூற்றுக்கணக்கான சிறு வளையங்கள். எனவே சங்கிலி பெரும்பாலும் தப்பிவிடும்.

இரும்பு ஆணியையும் தங்கத்தையும் கருவி ஓரளவு பிரித்தறியும்; திரும்பி வரும் அலையின் கட்டம் இரண்டுக்கும் வேறுபடும். அலுமினியத் தாளும் மெல்லிய தங்க மோதிரமும் மட்டும் ஏறத்தாழ ஒரே குரலில் பேசுகின்றன. 'குப்பை' என்று அலுமினியத்தை ஒதுக்கும்படி கருவியைத் திருகி வைப்பவர் மோதிரத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிடக்கூடும்.

கடலோர ஈர மணலில் வேறொரு சிக்கல். உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்துமல்லவா? அதற்காகத் துடிப்புத் தூண்டல் கருவிகள் தோன்றின. இவை மின்னோட்டத்தைச் செலுத்திச் சட்டென்று நிறுத்தி, சில மைக்ரோ விநாடிகள் காத்திருந்து பிறகு கேட்கின்றன. அதற்குள் உப்புநீரின் மின்னோட்டம் ஓய்ந்திருக்கும். உலோகத்தின் மின்னோட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

சுத்தியல் தேடப்போய்...

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸன் என்றொரு சிற்றூர். 1992 நவம்பர் 16-ஆம் நாள் அவ்வூர் உழவர் ஒருவர் தம் வயலில் ஒரு சுத்தியலைத் தொலைத்திருந்தார். ஓய்வுபெற்ற தோட்டக்காரரான நண்பர் ஒருவர் உலோகங்காட்டியுடன் தேட வந்தார். ஒலி எழுந்த இடத்தில் கிடைத்தவை வெள்ளிக் கரண்டிகள், தங்க நகைகள், நாணயங்கள்! ரோமானியப் பேரரசின் இறுதிக் காலத்தில் யாரோ பெட்டியில் வைத்துப் புதைத்த செல்வம் அது. நாணயங்கள் மட்டும் 14,000-க்கும் அதிகம்.

அவர் அடுத்துச் செய்த காரியம்தான் முக்கியமானது. தோண்டுவதை நிறுத்தினார், அதிகாரிகளுக்குச் செய்தி சொன்னார். தொல்பொருளாய்வாளர்கள் வந்து, எஞ்சிய பொருள்களை அவை இருந்த இருப்பிலேயே பதிவு செய்தார்கள். மரப்பெட்டி மக்கிப் போயிருந்தும், எது எதனருகே அடுக்கப்பட்டிருந்தது என்பதை அறிய முடிந்தது. அவருக்குப் பரிசாகக் கிடைத்த 17,50,000 பவுனை அவர் உழவருடன் பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது, புதையலோடு அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

தொலைந்த மோதிரத்துக்குச் சொந்தக்காரர் உண்டு. புதைந்த பழம்பொருளுக்கோ அது கிடக்கும் இடமே முகவரி. தனியே பிடுங்கி எடுத்த நாணயம் வெறும் உலோகமாகிவிடும். இதனாலேயே பிரிட்டனில் 1979-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றி இக்கருவியைப் பயன்படுத்தத் தடை விதித்தது. நம் நாட்டில் ஹியூஸின் கருவிக்கு ஓராண்டு முன்பே, 1878-இல், புதையல் சட்டம் வந்துவிட்டது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுப்பவர் அதை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது.

இலங்கையின் வடக்கில் 2009-இல் போர் முடிந்தபின், வன்னி மக்கள் தம் வயல்களுக்குத் திரும்பவும் இக்கருவி தேவைப்பட்டது. அங்கே கண்ணிவெடி அகற்றும் பணியில் பெண்கள் பலர் ஈடுபட்டனர். ஆணிக்கும் ஒலிக்கும், தோட்டாக் கூட்டுக்கும் ஒலிக்கும், வெடிக்கும் ஒலிக்கும். எது எதுவென்று தெரியாததால், ஒலித்த ஒவ்வோர் இடத்தையும் வெடி என்றே கருதி மண்ணை மெல்ல விலக்கிப் பார்க்க வேண்டும்.

என்றாவது உங்கள் வீட்டில் மோதிரம் தொலைந்து, தேட இக்கருவி கிடைத்தால் சிலவற்றை நினைவில் வையுங்கள். விழுந்த இடத்தைக் கிளறாமல் சுற்றிலும் கோடு போட்டு வையுங்கள். தேடுபவர் கையிலுள்ள மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடட்டும். தட்டைத் தரையோடு ஒட்டினாற்போல், ஒரு வீச்சு அடுத்ததன்மேல் கொஞ்சம் படியும்படி மெதுவாக வீசட்டும். ஒரு சாண் ஆழத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்கவில்லையா? கருவியைத் திட்டுவதற்கு முன், கோட்டுக்கு வெளியே, 'அங்கே இருக்க வழியில்லை' என்று நீங்கள் ஒதுக்கிய பக்கத்தையும் ஒரு முறை தேடச் சொல்லுங்கள்.