மறைவும் ஊகமும்: 1971 போரில் சென்னைத் துறைமுகமும் வங்கக் கடலும்

ஆய்வுச்சுருக்கம்

1971 டிசம்பர்ப் போரின்போது வங்கக் கடலில் இந்தியக் கடற்படையிடம் வெளியே தெரியாத ஆற்றல் எது இருந்தது என்னும் வினா, அரை நூற்றாண்டாக ஊகங்களுக்கு இடமளித்து வருகிறது. விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் நடமாட்டம், காஸி நீர்மூழ்கியின் அழிவு, அமெரிக்காவின் என்டர்பிரைஸ் கப்பலின் வருகை ஆகிய மூன்றையும் வடசென்னைக் கடற்கரையை நிலைக்களனாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அப்போரில் கிழக்குக் கடலில் காக்கப்பட்ட முதன்மையான இரகசியம் வலிமை அன்று, ஒரு குறைபாடே என வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: சென்னைத் துறைமுகம், இராயபுரம், விக்ராந்த், காஸி, என்டர்பிரைஸ், வதந்தி, போர்க்கால இரகசியம்

திறந்த கரை

சென்னைத் துறைமுகம் இயற்கைத் துறைமுகம் அன்று. திறந்த மணற்கரையிலிருந்து கடலுக்குள் எழுப்பப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்களுக்கு நடுவே உருவானது அது. விசாகப்பட்டினத்தின் உள்துறையை மறைத்து நிற்கும் குன்றைப் போன்ற அரண் எதுவும் இங்கில்லை. இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளிலிருந்து கட்டுமரத்தில் செல்லும் மீனவருக்குத் துறைமுகத்தினுள் நுழையும் கப்பலின் உருவமும் திசையும் தெரியும். பெரிய போர்க்கப்பல் ஒன்றை இங்கே கண்மறைவாக வைத்திருத்தல் இயலாது. இந்த எளிய புவியியல் உண்மையைக் கருதாமல் இக்கடற்கரையின் போர்க்கால இரகசியங்களைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

கண்ணுக்குத் தெரிந்ததைச் சுற்றியே இங்கு ஊகங்கள் வளர்ந்தன. 1914 செப்டம்பர் 22 இரவு, செர்மானியப் போர்க்கப்பலான எம்டன் துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா எண்ணெய்க் குழுமத்தின் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. தாக்குதல் அரைமணி நேரத்திற்குள் முடிந்தது. அதன் விளைவாக எழுந்த அச்சமோ பல வாரங்கள் நீடித்தது. ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினர். ‘எம்டன்’ என்பது அஞ்சத்தக்க, எளிதில் பிடிபடாத ஆளைக் குறிக்கும் சொல்லாகத் தமிழில் நிலைத்தது. அக்கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்னும் கதை பின்னர் பரவி, இன்றும் மேடைகளில் கூறப்படுகிறது. அதற்கு ஏற்கத்தக்க சான்று கிடைக்கவில்லை. அப்போது அவர் ஐரோப்பாவில் அரசியல் பணியில் ஈடுபட்டிருந்தார் என்பதே சான்றுகளுக்குப் பொருந்துவது. கண்முன் நடந்த தாக்குதலுக்குப் பின்னே கண்ணுக்குத் தெரியாத கை ஒன்றைத் தேடும் மனப்பாங்கிற்கு இக்கதை நல்ல எடுத்துக்காட்டு.

1942 ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம் ஆகியவற்றைத் தாக்கியபோது சென்னை அரசு தன் அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றியது. விலங்குக் காட்சிச்சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. எதிர்பார்த்த படையெடுப்பு நிகழவில்லை. பகைவனின் ஆற்றலைப் பற்றிய ஊகம் ஆட்சியாளரையும் ஆட்டிவைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1971-இல் இக்கடற்கரை முன்னினும் எளிதில் தாக்கத்தக்கதாக இருந்தது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இலும் எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இலும் இயங்கத் தொடங்கியிருந்தன. 1914-இல் சில தொட்டிகளாக இருந்த இலக்கு, இப்போது கடலோரத் தொழில்மண்டலமாக விரிந்திருந்தது. எண்ணெய்த் தொட்டிகளுக்குக் கடல்வழித் தாக்குதலில் என்ன நேரும் என்பதை அவ்வாண்டு டிசம்பரில் கராச்சி காட்டியது. துறைமுகக் காவலுக்கென்றே கருதப்பட்ட குறுந்தொலைவு ஏவுகணைப் படகுகளை இந்தியக் கடற்படை பெரிய கப்பல்களால் இழுத்துச் சென்று, கராச்சி அருகே தாக்குதலுக்குப் பயன்படுத்தியது. அங்கு இரகசியமாக இருந்தது ஆயுதம் அன்று, அதைப் பயன்படுத்திய முறை.

விக்ராந்தின் குறைபாடு

கிழக்குக் கடலில் நிலைமை வேறு. விக்ராந்தின் நான்கு கொதிகலன்களுள் ஒன்றில் விரிசல் கண்டிருந்தது. முழு வேகத்தில் செல்ல இயலாத விமானந்தாங்கிக் கப்பல், காற்று குறைந்த வேளையில் விமானங்களை ஏவுவதற்கும் இடர்ப்படும். நீர்மூழ்கியிடமிருந்து விரைந்து விலகுவதற்கும் இடர்ப்படும். 1965 போரில் அது பம்பாயில் பழுதுபார்ப்பில் இருந்தது. அப்போதே அது மூழ்கடிக்கப்பட்டதாகப் பாகிஸ்தான் தரப்பில் செய்தி பரவியது. மீண்டும் ஒரு போரைக் கரையிலேயே கழிக்க விடலாகாது என்று முடிவு செய்த கடற்படைத் தலைமைத் தளபதி எஸ்.எம். நந்தா, வேகக் கட்டுப்பாட்டுடனேயே அதைக் கிழக்கிற்கு அனுப்பினார். 1971 சூலை இறுதியில் அது கொச்சியிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்டது.

சென்னையில் அதை மறைக்க இயலாது. ஆனால் அங்கிருந்து அது எப்போது, எங்கே சென்றது என்பதை மறைக்க இயலும். கிழக்குக் கடற்படைப் பிரிவின் தளபதியான நாகர்கோவிலில் பிறந்த துணை அட்மிரல் நீ. கிருஷ்ணன், 1980-இல் வெளியான ‘நோ வே பட் சரண்டர்’ நூலில் விவரிக்கும் திட்டத்தின் அடிப்படை இதுவே. அவர் கூற்றுப்படி, விக்ராந்த் அந்தமானில் ‘எக்ஸ்-ரே துறை’ எனப் பெயரிடப்பட்ட மறைவிடத்திற்கு அனுப்பப்பட்டது. விசாகப்பட்டினத்திலோ அதன் வருகைக்குரிய அறிகுறிகள் உருவாக்கப்பட்டன: பெரிய அளவில் உணவுப்பொருள்கள் வாங்கப்பட்டன, இரண்டாம் உலகப்போர்க் காலத்து நாசகாரிக் கப்பலான ராஜ்புத் கடலில் நின்று, விமானந்தாங்கிக் கப்பலுக்கே உரிய அளவில் கம்பியில்லாச் செய்திகளை அனுப்பியது, விக்ராந்தின் மாலுமி ஒருவர் தம் தாயின் உடல்நலம் பற்றி வினவுவதாக ஒரு செய்தியும் மறைகுறியின்றி அனுப்பப்பட்டது. தாயின் நலம் விசாரித்த அச்செய்தியே இத்திட்டத்தின் நுட்பமான பகுதி. இரகசியம் என்று முத்திரையிட்ட செய்தியைப் பகைவன் ஐயுறுவான். கவனக்குறைவாகக் கசிந்ததாகத் தோன்றும் செய்தியையே நம்புவான்.

நவம்பர் 14-இல் கராச்சியிலிருந்து புறப்பட்ட காஸி, சென்னைக் கடலை அடைந்து விக்ராந்தைக் காணாமல் வடக்கே சென்றது எனப் பல நூல்கள் குறிப்பிடுகின்றன. விக்ராந்தின் வேகக்குறைவை நோக்க, காஸியின் தேடல் வீண்முயற்சி அன்று. உரிய காலத்தில் இரண்டும் எதிர்ப்பட்டிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கக் கூடும். டிசம்பர் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட நள்ளிரவில் விசாகப்பட்டினத்தின் நுழைவாயிலை அடுத்துக் காஸி வெடித்து மூழ்கியது. அதிலிருந்த 90-க்கும் மேற்பட்டோரில் ஒருவரும் உயிர் தப்பவில்லை. அதே 4-ஆம் நாள் விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பசாரையும் சிட்டகாங்கையும் தாக்கத் தொடங்கின.

காஸி மூழ்கியதற்குக் காரணம் ராஜ்புத் வீசிய ஆழ்குண்டுகள் என்பது இந்தியத் தரப்பின் விளக்கம். அது இட்டுக்கொண்டிருந்த கண்ணிவெடியோ உள்ளே நேர்ந்த வெடிப்போ காரணம் என்பது பாகிஸ்தான் தரப்பின் விளக்கம். இந்தியக் கடற்படையின் முன்னாள் அதிகாரிகள் சிலரும் இதனை ஏற்றுள்ளனர். காஸி தொடர்பான கடற்படை ஆவணங்கள் அழிக்கப்பட்டன என்ற செய்தி 2010-இல் வெளிவந்தது. காஸி ஏமாற்றத் திட்டத்தால் ஈர்க்கப்பட்டதா, கண்ணிவெடி இடும் பணிக்காகவே அங்கு வந்ததா என்னும் வினாவை இதனோடு சேர்த்தே நோக்க வேண்டும். வெற்றிபெற்ற தளபதியின் நினைவுநூல், நிகழ்ச்சிகளைத் தன் திட்டத்தின் விளைவாகக் கோத்துக் காட்டும் இயல்புடையது. கிருஷ்ணனின் நூலை முதன்மைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், ஏமாற்றத் திட்டம் நடைமுறைப்படுத்தப்பட்டது என்பதையும் அதுவே காஸியை வரவழைத்தது என்பதையும் தனித்தனிக் கூற்றுகளாகப் பிரித்தறிய வேண்டும். முன்னதற்குச் சான்று வலுவானது, பின்னது ஊகம்.

அணு வல்லரசின் காட்சி

டிசம்பர் நடுப்பகுதியில் அமெரிக்காவின் 74-ஆம் பணிப்படை மலாக்கா நீரிணை வழியாக வங்கக் கடலில் நுழைந்தது. அதன் தலைமைக் கப்பலான என்டர்பிரைஸ் அணு ஆற்றலில் இயங்குவது. எடையில் விக்ராந்தைப் போல நான்கு மடங்குக்கும் மேற்பட்டது. அதில் அணு ஆயுதங்கள் இருந்தனவா என்னும் வினாவிற்கு, உடன்படுவதும் இல்லை மறுப்பதும் இல்லை என்னும் தன் வழக்கமான கொள்கையை அமெரிக்கா விடை ஆக்கியது. விக்ராந்த் மறைவினால் தன் பணியைச் செய்தது. என்டர்பிரைஸ் காட்சியினால் தன் பணியைச் செய்ய முயன்றது. இரண்டும் எதிரியின் ஊகத்தையே நம்பின. அப்படைக்குத் தெளிவான பணி வரையறுக்கப்படவில்லை என்று அமெரிக்கக் கடற்படைத் தலைவராக இருந்த சும்வால்ட் பின்னர் எழுதினார். டிசம்பர் 16-இல் டாக்கா சரணடைந்தது.

இதற்கு எதிராக இந்தியாவிடம் இருந்தது எது? தன் சொந்த ஆற்றலால் அப்படையைத் தடுக்கும் நிலையில் இந்தியா இல்லை. 1971 ஆகஸ்டு 9-இல் கையெழுத்தான இந்திய-சோவியத் உடன்படிக்கையும், விளாதிவஸ்தோக்கிலிருந்து வந்த சோவியத் கப்பல்களுமே அதன் துணை. ஏழாம் கடற்படை தலையிட விடமாட்டோம் என்று சோவியத் தூதர் பெகோவ் தில்லியில் கூறியதாக அமெரிக்க உளவுக் குறிப்பு ஒன்று தெரிவித்தது. இதழாளர் ஜாக் ஆண்டர்சன் அதனை வெளியிட்டார். சோவியத் நீர்மூழ்கிகள் என்டர்பிரைசைச் சூழ்ந்து நீர்மேல் எழுந்து தம்மைக் காட்டிக்கொண்டன என்னும் விவரம் மட்டும், சோவியத் தளபதி குருக்லியாகோவ் பல்லாண்டுகளுக்குப் பின் அளித்த நேர்காணலை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் இதழ்களில் இது ஐயத்திற்கு இடமற்ற உண்மையாகவே எடுத்தாளப்படுகிறது.

என்டர்பிரைஸ் வந்ததனால்தான் இந்தியா அணு நீர்மூழ்கி அமைக்க முற்பட்டது என்னும் கூற்றும் அத்தகையதே. கப்பலுக்கான அணு உலை பற்றிய தொடக்க ஆய்வு 1960-களின் பிற்பகுதியிலேயே டிராம்பேயில் தொடங்கியிருந்தது. 1971 அதற்கு அரசியல் வேகம் தந்திருக்கலாம், தோற்றுவாய் ஆகாது. அவ்வுலையின் முன்மாதிரி, சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில், புளுட்டோனியம் மறுசுழற்சித் திட்டம் என்னும் பொதுப்பெயரின் மறைவில் அமைக்கப்பட்டது. 2009 சூலை 26-இல் விசாகப்பட்டினத்தில் அரிஹந்த் நீரில் இறக்கப்பட்ட பின்னரே அதன் நோக்கம் அரசால் வெளிப்படையாகக் கூறப்பட்டது. 1971-இன் மறைவு சில வாரங்களுக்கு உரியது. ஒரு குறைபாட்டைக் காத்தது. கல்பாக்கத்தின் மறைவு பல்லாண்டு நீண்டது. உருவாகிவந்த ஆற்றலைக் காத்தது. பொதுவாக ‘இராணுவ இரகசியம்’ என ஒரே சொல்லால் குறிக்கப்படும் இவ்விரண்டும் ஆய்வு நோக்கில் ஒன்றல்ல.

கரையின் சான்றுகள்

கடற்படை ஆவணங்கள் அழிந்த நிலையில், துறைமுகப் பொறுப்புக்கழகத்தின் ஆண்டு நிர்வாக அறிக்கைகளும் அக்கால நாளேடுகளும் கப்பல் நடமாட்டத்தைச் சரிபார்க்க உதவக்கூடியவை. இவற்றினும் புறக்கணிக்கப்பட்டுள்ளது மீனவர் சாட்சியம். காஸியின் அழிவுக்கு முதற்சான்றாக அமைந்த மிதவைப் பொருள்களைக் கரைக்குக் கொண்டு வந்தவர்கள் விசாகப்பட்டின மீனவர்களே; அக்கப்பல் அமெரிக்காவிடம் ‘டையப்லோ’ என்ற பெயரில் இருந்ததைக் காட்டும் உயிர்காப்பு அங்கியும் அவற்றுள் ஒன்று. இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான குப்பங்களில், அந்த நவம்பரிலும் டிசம்பரிலும் கடலுக்குச் சென்று வந்த தலைமுறை இன்று எழுபது வயதைக் கடந்துவிட்டது.