மின்படிவு முதற்பூச்சில் பாலிமரும் உலோக வினையூக்கியும்

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும் ஒரகடத்தில் 2010 முதலும் கார்கள் உற்பத்தியாகின்றன. இத்தகைய ஆலைகளில் வெல்டிங் முடிந்து பெயிண்ட் ஷாப்புக்கு வரும் பாடி, வண்ணம் காணுமுன் ஒரு தொட்டியில் முழுதாக மூழ்கி எழுகிறது. இ.டி. கோட் எனப்படும் இந்தத் துருத்தடுப்புப் பூச்சின் குளியலில் ஏறக்குறைய 80 விழுக்காடு தண்ணீர்தான். மீதி, அமீன் தொகுதிகள் ஏற்றிய எபாக்சி பாலிமர், வாய் அடைக்கப்பட்ட ஐசோசயனேட், நிறமி, சிறிதளவு உலோக வினையூக்கி. நெடுங்காலம் அந்த உலோகம் வெள்ளீயம். டைபியூட்டைல் டின் ஆக்சைடாகச் சேர்க்கப்பட்டது. அது தண்ணீரில் கரையாத பொடி, சும்மா போட்டால் அடியில் தங்கிவிடும். நேர்மின்னேற்றமுள்ள பிசினோடு சேர்த்து அரைத்த பிறகே குளியலில் நிற்கிறது. நீரில் உலோக வினையூக்கம் பலிப்பதும் பலிக்காததும் உலோகத்தைவிட அதைச் சுமக்கும் பாலிமரின் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய அளவிலான சான்று கிடைப்பது அரிது.

ஆய்வகமும் இதே வழிக்குத்தான் வந்தது. கலிபோர்னியாவில் புரூஸ் லிப்ஷட்ஸ் குழு 2011-இல் வெளியிட்ட டிபிஜிஎஸ்-750-எம், வைட்டமின் ஈ-யையும் பாலிஎத்திலீன் கிளைக்காலையும் இணைத்த சேர்மம். நீரில் அது அமைக்கும் எண்ணெய்த்தன்மையுள்ள நுண்துளிகளுக்குள் பல்லேடியம் வேலை செய்கிறது. மாத்திரைப் பூச்சுக்குப் பழகிய ஹைட்ராக்சிபுரோப்பைல் மெத்தில்செல்லுலோசும் இப்பணிக்குப் பயன்பட்டிருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும்: காரில் பிணைப்பு உண்டாவது தண்ணீரில் அல்லவே, ஏறத்தாழ 170 பாகை செல்சியஸ் ஓவனில்தானே? உண்மைதான். எதிர்மின்வாயான பாடியின் அருகே நீர் மின்னாற்பகுப்படைந்து காரத்தன்மை கூடுகிறது; அமீன் தன் மின்னேற்றத்தை இழக்க, பாலிமர் 15 முதல் 25 மைக்ரோமீட்டர் படலமாகப் படிகிறது. தண்ணீர் வெளியேறியபின் வெப்பத்தில் ஐசோசயனேட்டின் அடைப்பு நீங்கி, வெள்ளீயத்தின் துணையோடு குறுக்குப்பிணைப்பு நடக்கிறது. ஆனால் அதுவரை வினை தொடங்காமல் வினையூக்கியைக் காத்துவைத்து, கதவின் உட்குழிவு வரை கொண்டு சேர்ப்பது பாலிமர். அந்தக் கடமை தவறினால் கரைப்பானில் நனைத்த துணியால் தேய்க்கும்போதே பூச்சு துணியில் ஒட்டி வருகிறது.

நீர் அடிப்படை என்பதாலேயே இது தூய்மையானது என்று சொல்வதும் அவசரம். நுண்வடிகட்டலால் பிரிந்த நீரே பாடியைக் கழுவி, பெயிண்டைத் தொட்டிக்கே திருப்புவதால் கழிவு குறைகிறது, உலோகம் மறைவதில்லை. பொதுமக்களுக்கான பொருள்களில் டைபியூட்டைல் டின்னை ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் கட்டுப்படுத்தியுள்ளது. மாற்றாக வந்த பிஸ்மத் நச்சுத்தன்மை குறைந்தது. ஆனால் அதன் உப்புகள் நீரில் எளிதில் சிதைந்து வீழ்படிவாகும். ஆகவே வெள்ளீயத்தை எடுத்துவிட்டு பிஸ்மத்தைப் போடுவதோடு வேலை முடிவதில்லை; பிசினுக்கு மின்னேற்றம் தரும் அமிலத்தையும் அரைப்புப் பிசினையும் புதிதாக வகுக்க வேண்டும்.