விவரத்தாளும் வரலாற்றுச் சான்றே: மோரிஸ் மைனர், வோக்ஸ்வாகன் பீட்டில் ஓர் ஒப்பீடு

முன்னுரை

கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் சான்றாகக் கொள்ளும் வரலாற்று மாணவர், தொழிற்சாலை அச்சிட்ட விவரத்தாளைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஓர் இயந்திரத்தின் அளவுகளும் அது தோன்றிய சமுதாயத்தைப் பற்றிப் பேசவல்லன என்பதை, மலாயா, சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடிய இரு மகிழுந்துகளின் வழி நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

தோற்றம்

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர், 1948ஆம் ஆண்டு லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. பீட்டிலோ, இட்லர் ஆட்சியில் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்தது. போருக்குப் பின், 1945இன் இறுதியில், பிரித்தானிய இராணுவ நிருவாகத்தின்கீழ் அதன் தொடர் உற்பத்தி தொடங்கியது. எனினும், அதனை ஆராய்ந்த பிரித்தானியத் தொழில்துறையினர் பின்பற்றத்தக்க வடிவமைப்பாக அதனைக் கருதவில்லை.

எண்கள் கூறுவன

1956ஆம் ஆண்டின் வண்டிகளை ஒப்பிடுவோம். மைனரின் 948 கன சென்டிமீட்டர் இயந்திரம் 37 குதிரைத்திறனையும், பீட்டிலின் 1,192 கன சென்டிமீட்டர் இயந்திரம் 30 குதிரைத்திறனையும் தந்தன. இரண்டின் உச்ச வேகமும் மணிக்கு 110 முதல் 120 கிலோமீட்டருக்குள் அடங்கும். சிறிய இயந்திரம் மிகுதிறன் தருவதால் மைனரே மேம்பட்டது எனக் கொள்ளத் தோன்றும்.

இங்குத்தான் சான்றாய்வு தேவைப்படுகிறது. பீட்டிலின் அதே இயந்திரம் செர்மானிய முறையில் 30 குதிரைத்திறன் எனவும், துணைக்கருவிகளை நீக்கி அளக்கும் அமெரிக்க முறையில் 36 எனவும் குறிக்கப்பட்டது. ஆகவே, அளந்த முறையை அறியாது எண்களை ஒப்பிடுதல் பிழைபடும்.

வரியும் நெடுஞ்சாலையும்

இயந்திர உருளையின் அளவுகள் மேலும் தெளிவான செய்தியைத் தருகின்றன. மைனரின் உருளை விட்டம் 62.9 மில்லிமீட்டர்; பிஸ்டன் நகரும் தொலைவு 76.2 மில்லிமீட்டர். பீட்டிலிலோ விட்டம் 77. தொலைவு 64 மட்டுமே. இவ்வேறுபாட்டின் வேர் வரிச்சட்டத்தில் உள்ளது. பிரித்தானியாவில் 1921 முதல் மகிழுந்து வரி, உருளைகளின் எண்ணிக்கையையும் விட்டத்தையும் கொண்டே கணக்கிடப்பட்டது. எனவே, விட்டத்தைக் குறைத்துத் தொலைவை நீட்டுவது அந்நாட்டுப் பொறியாளரின் மரபாயிற்று. 1948இல் ஒரே சீரான வரி வந்த பின்னரும் அம்மரபு எளிதில் மறையவில்லை.

பீட்டிலின் வடிவமைப்பை நிருணயித்தது நெடுஞ்சாலை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இடைவிடாது ஓடவேண்டும் என்பது அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. தம் உச்சத்திறனைப் பீட்டில் நிமிடத்திற்கு 3,400 சுழற்சியிலும், மைனர் ஏறத்தாழ 4,750 சுழற்சியிலும் எட்டின. கணக்கிட்டால், அந்நிலையில் பிஸ்டனின் சராசரி வேகம் பீட்டிலில் வினாடிக்கு ஏறத்தாழ 7.3 மீட்டர், மைனரில் 12.1 மீட்டர். பிஸ்டன் மெதுவாக நகர்வதால் தேய்மானம் குறையும். பீட்டில் முழு வேகத்திலேயே நெடுந்தொலைவு ஓடவல்லதாக இருந்தமைக்கு இது முதன்மைக் காரணம். அதே வேளையில், வளைவுகளில் மைனரின் துல்லியமான திருப்பமும் நிலைப்பாடும் பாராட்டப்பெற்றன என்பதையும் மறத்தலாகாது.

முடிவுரை

மைனர் 1971 வரை ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகளாகவும், பீட்டில் 2003 வரை 2 கோடியே 15 இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகளாகவும் உற்பத்தியாயின. இவ்வேறுபாட்டை ஓர் இனத்தின் அறிவுத்திறனுக்கு உரியதாக்குவது வரலாறாகாது. ஒன்றின் உருளையில் வரிச்சட்டமும் மற்றொன்றின் உருளையில் நெடுஞ்சாலையும் பதிந்துள்ளன. யார், எம்முறையில், எதன்பொருட்டு அளந்தார் என வினவிய பின்னரே எண் சான்றாகும் என்பதை நம் மாணவர்க்கு உணர்த்துதல் நன்று.