தாயின் கையில் கொடுக்கப்பட்ட பணம்

1994 டிசம்பரில் மெக்சிகோவின் நாணயமான பெசோ சரிந்தது. மறு ஆண்டிலேயே நாட்டின் பொருளாதாரம் 6 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது. ஏழைகளைத் தாங்க அரசாங்கத்திடம் இருந்தது பெரும்பாலும் உணவு மானியம்தான். தமிழருக்குச் சோறு எப்படியோ, மெக்சிகோ மக்களுக்குச் சோள ரொட்டியான தொர்த்தியா அப்படி. ஆனால், அதற்கான மானியத்தில் பெரும்பங்கு நகரவாசிகளுக்கே போய்ச் சேர்ந்தது. பரம ஏழைகளோ கிராமங்களில் இருந்தார்கள்.

மானியத்துக்குப் பதிலாகப் பணத்தையே கொடுத்துவிடலாம் என்று வாதிட்டவர், நிதியமைச்சில் உயர் பொறுப்பில் இருந்த பொருளியல் அறிஞர் சந்தியாகோ லெவி. அதிபர் எர்னஸ்டோ செடியோ காலத்தில், 1997 ஆகஸ்டில் 'புரோகிரெசா' என்ற பெயரில் அத்திட்டம் பிறந்தது. பணம் தாயின் கையில்தான் கொடுக்கப்பட்டது. பிள்ளைகள் 85 விழுக்காட்டு நாள்கள் பள்ளிக்கு வரவேண்டும். குடும்பத்தார் மருத்துவ நிலையத்தில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இடைநிலைப் பள்ளியில் பெண்பிள்ளைக்கு ஆண்பிள்ளையைவிடக் கூடுதல் தொகை. படிப்பை விட்டு முதலில் நிறுத்தப்படுபவள் அவள்தானே!

'ஏழைக்குப் பணம் கொடுத்தால் சோம்பேறியாவான்' என்பது எந்நாட்டிலும் கேட்கும் பேச்சு. லெவி அதற்கு வாயால் பதில் சொல்லவில்லை. 506 கிராமங்கள் ஆய்வுக்கு எடுக்கப்பட்டன. குலுக்கல் முறையில் 320 கிராமங்களுக்கு உதவி முதலில் கிடைத்தது. 186 கிராமங்கள் காத்திருந்தன. காத்திருந்தவர்களும் ஏழைகளே என்பது நெருடலான விஷயம்தான். என்றாலும், ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறந்தது. இடைநிலைப் பள்ளிகளில் மாணவர் சேர்க்கை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் சேர்க்கை உயர்ந்திருந்தது. சாப்பாட்டில் காய்கறி, பழம், இறைச்சி கூடியிருந்தன. பெரியவர்கள் வேலைக்குப் போவது குறையவில்லை.

2000 தேர்தலில், 71 ஆண்டுகள் ஆண்ட கட்சி தோற்றது. முந்திய ஆட்சியின் திட்டத்தைத் தூக்கியெறிவதே அங்கு வழக்கம். புதிய அதிபர் விசென்தே பாக்ஸ் அப்படிச் செய்யவில்லை. 2002இல் 'ஒப்போர்த்துனிடாடேஸ்' எனப் பெயரை மட்டும் மாற்றி, நகரங்களுக்கும் விரிவுபடுத்தினார். ஆய்வின் முடிவுகள் கையில் இருந்ததே அதற்குப் பெரிய காரணம். இந்தோனேசியா 2007இலும் பிலிப்பீன்ஸ் 2008இலும் இதே பாணியில் திட்டங்களைத் தொடங்கின. மலேசியா 2012இல் குடும்பத்துக்கு 500 ரிங்கிட் வழங்கிய பிரிம் உதவியிலோ, பள்ளி வருகை போன்ற நிபந்தனை எதுவும் இல்லை.

நிபந்தனைக்கும் ஒரு விலை உண்டு. மருத்துவ நிலையத்துக்கு நடப்பதும், கூட்டங்களில் உட்கார்ந்திருப்பதும் தாய்மார் தலையிலேயே விழுந்தன. 2014இல் 'புரோஸ்பெரா' என்று மீண்டும் பெயர் மாறிய திட்டத்தை, 2019இல் அதிபர் லோபெஸ் ஒப்ராடோரின் அரசாங்கம் முடிவுக்குக் கொண்டுவந்தது. கல்வி உதவித்தொகை வேறு பெயரில் நீடித்தது. தாயையும் பிள்ளையையும் மருத்துவ நிலையத்துக்கு வரவழைத்த ஏற்பாடு அத்தோடு நின்றது.